கிராமத்தில் ஒரு சின்ன வீடு

தலைப்பைப் பார்த்துவிட்டு யாரும் என் மனைவிக்குப் போன் போட வேண்டாம். எழுபது வயதில் அந்த மாதிரி சின்ன வீட்டுக்குத் தெம்பும் இல்லை, பென்ஷனும் போதாது. நான் சொல்லப்போவது செங்கல், சிமெண்ட் வைத்துக் கட்டிய நிஜமான சின்ன வீட்டைப் பற்றி.

போன வாரம் பழைய சகா ஒருவர் சென்னையிலிருந்து போன் செய்தார். என்னோடு தபால் துறையில் வேலை பார்த்தவர். திருவையாறு பக்கம் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறாராம். "சார், அந்தக் காலத்து வீடு. கூடத்துல தேக்கு ஊஞ்சல். முற்றத்துல நின்னா வானம் தெரியுது. கொல்லையில நாலு தென்னை. அக்கம்பக்கத்துல சத்தமே இல்ல. அட்வான்ஸ் குடுத்துடலாம்னு இருக்கேன். நீங்கதான் ஏற்கெனவே கிராமத்துக்குப் போயிட்டீங்களே, என்ன சொல்றீங்க?" என்றார்.

"வீட்டுக்காரம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அவ என்ன சொல்லப் போறா? நான் சரின்னா சரிதான்."

அந்தப் பதில்தான் என்னை இதை எழுத உட்கார வைத்தது. ஏனென்றால் நான்கு வருடத்துக்கு முன்னால் நானும் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதான காலத்தில் பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குப் போவது நல்லது. கிராமத்துக்குப் போவதும் பலருக்கு நல்லதாக அமையலாம். ஆனால் அந்த வீட்டை இரண்டு பேருக்காக வாங்காதீர்கள். கடைசியில் மிஞ்சப்போகிற ஒருவருக்காக வாங்குங்கள். தம்பதிகள் சேர்ந்து போய்ச் சேர்வது புராணத்தில்தான் உண்டு. நடப்பில் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். பின்னால் இருப்பவர் அந்த வீட்டில் ஐந்து வருடமோ பதினைந்து வருடமோ தனியாக இருக்க வேண்டும். வீடு பார்க்கப் போகும்போது இந்த நினைப்பு நமக்கு வருவதே இல்லை. வந்தாலும் அபசகுனம் என்று ஒதுக்கிவிடுகிறோம்.

என் கதையைச் சொல்கிறேன். குரோம்பேட்டையில் 1997-ல் வாங்கிய ஃபிளாட். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வாங்கும்போது எனக்கு 42 வயது. "மேல் மாடின்னா காத்து வரும், கொசு வராது" என்று பெருமையாக வாங்கினேன். கொசு வந்தது. 2015-ல் ரிட்டயர் ஆன பிறகு படிக்கட்டும் உயர்ந்துகொண்டே போவதுபோல் இருந்தது. மாடிக்கு மூச்சு வாங்காமல் போவதெல்லாம் பால் பாக்கெட் போடுகிற பையன் மட்டும்தான். என் மனைவிக்கு முழங்கால் வலி. ஒரு கட்டத்தில் வாரத்துக்கு ஒரு முறைதான் கீழே இறங்கினாள். ஆக, சென்னையில் நாற்பது லட்சம் ஜனங்களுக்கு மேல் இருந்தும் அவளுக்கு நான் ஒருத்தன்தான் பேச்சுத் துணை. அது எவ்வளவு பெரிய தண்டனை என்று நீங்கள் ஊகிக்கலாம்.

எனக்குச் சொந்த ஊர்ப்பக்கம் காவிரிக் கரை. ஆடுதுறையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே ஒரு கிராமம். என் சொந்தங்கள் யாரும் இப்போது அங்கே இல்லை. ஆனாலும் ரிட்டயர் ஆனவனின் கனவில் வருவது அந்த ஊர்தான். வாய்க்கால், வயல், காலையில் கோயில் மணி, திண்ணையில் பேப்பர். 2021-ல் போய் ஒரு வீடு பார்த்தேன். பழைய அக்ரஹாரத்து வீடு. நண்பர் பார்த்திருக்கிற வீட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, அதற்கப்புறம் கொல்லை. வாசலில் நின்றால் கொல்லைக் கதவு வெளிச்சப் புள்ளியாகத் தெரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

என் மனைவி வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாள். எதுவும் பேசவில்லை. ஆடுதுறை ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோதுதான் சொன்னாள். "ஏங்க, படுக்கிற ரூம்லேர்ந்து பாத்ரூமுக்கு அறுபத்தெட்டு அடி. நான் எண்ணினேன். நீங்க போயிட்டா ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த அறுபத்தெட்டு அடி நான் ஒருத்தியா நடக்கணும்."

"நான் எங்க போறேன்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் புரிந்தது.

அப்போது எனக்கு 1981-ல் பார்த்த ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. அன்றைய ஒருங்கிணைந்த தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு துணை அஞ்சலகத்தில் வேலை. தபால்காரர் லீவு போட்ட ஒரு நாள், பெரிய வீட்டு அம்மாள் ஒருவருக்கு வந்த மணியார்டரை நானே கொண்டுபோனேன். பம்பாயிலிருந்து மகன் அனுப்புவது. ஊரிலேயே பெரிய வீடு அது. உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். வாசலை ஒட்டிய ஒரு அறையில் கட்டில், பக்கத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ், நாலு பாத்திரம், சாமி படம். மற்ற அறைகள் எல்லாம் பூட்டு. "உள்ளே போய் மூணு வருஷம் ஆச்சு தம்பி. கரையான் இருக்கோ, பாம்பு இருக்கோ" என்றார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் அவர் விடவில்லை. ஒரு மணி நேரம் பேசினார். அவருக்கு மணியார்டரைவிட, அதைக் கொண்டுவருகிற ஆள்தான் முக்கியம். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. ஆபீஸுக்கு நேரமாகிறதே என்றுதான் இருந்தது.

அந்த அக்ரஹாரத்து வீடு கைவிட்டுப் போக இன்னொரு காரணமும் இருந்தது. மூலப்பத்திரத்தை வாங்கிப் படித்தபோது அடிமனை கோயிலுக்குச் சொந்தம் என்று தெரிந்தது. கட்டடம் மட்டும்தான் அவருடையது. நம் டெல்டா ஊர்களில், முக்கியமாகக் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில், இது சர்வ சாதாரணம். தலைமுறை தலைமுறையாக இருப்பார்கள், வரி கட்டுவார்கள், ஆனால் நிலம் சாமியுடையது. அப்படிப்பட்ட நிலத்தைக் கிரயம் பதிய முடியாது. "எல்லாரும் இப்படித்தான் சார் கைமாத்திக்கிறாங்க" என்று தரகர் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் நான் இல்லாத காலத்தில் ஒரு நோட்டீஸ் வந்தால், அதை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலையப்போவது தரகர் இல்லையே.

அதனால் வாங்குவதை ஒத்திப்போட்டோம். ஃபிளாட்டைப் பூட்டிவிட்டு, அதே ஊரில் 2022 ஜூன் முதல் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். மாதம் 3,500 ரூபாய். அந்த வருடம் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12 வரை காக்காமல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. நல்ல சகுனம் என்று நான் சொன்னேன். "ஒரு வருஷம் ஓடட்டும், அப்புறம் சொல்லுங்க" என்றாள் மனைவி.

ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் உண்டு. தை மாதத்தில் எல்லாக் கிராமமும் அழகு. பொங்கல் லீவில் வந்து பார்த்துவிட்டு வீடு வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் வந்து பாருங்கள். ரோடு போட்டுப் போட்டு உயர்ந்திருக்கும், பழைய வீடு அதே இடத்தில் தாழ்ந்து நிற்கும், மழைத் தண்ணீர் வாசல் வழியாக விருந்தாளி மாதிரி உள்ளே வரும். சித்திரையில் வந்து பாருங்கள், மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியும். அறுவடை முடிந்தால் எலி, எலிக்குப் பின்னால் பாம்பு. இதெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இதோடுதான் இருக்கிறார்கள். நாம் இருபத்தைந்து வருடம் மூன்றாவது மாடியில் இருந்துவிட்டு வருகிறோம், அதுதான் வித்தியாசம்.

அந்த வாடகை வருடத்தில் இரண்டு பரீட்சைகள் நடந்தன. இரண்டுமே நாங்கள் திட்டமிட்டவை அல்ல.

முதல் பரீட்சை அவளுக்கு. 2022 நவம்பரில் ஒரு கல்யாணம், ஒரு நண்பரின் ஆபரேஷன் என்று நான் பத்து நாள் சென்னைக்குப் போனேன். முழங்கால் வலியால் அவள் வரவில்லை. நவம்பர் 11 இரவு கொட்டியது பாருங்கள் மழை. சீர்காழியில் மட்டும் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. எங்கள் ஊர் அங்கிருந்து தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் டிவியில் வெள்ளத்தைக் காட்டும்போது தூரமெல்லாம் மனசுக்குத் தெரியாது. போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. அறுபத்தெட்டு அடி, அறுபத்தெட்டு அடி என்று அதுவே மண்டைக்குள் ஓடியது. மறுநாள் மதியம் அவளே கூப்பிட்டாள். "கரண்ட் இல்ல, போன்ல சார்ஜ் போயிடுச்சு. எதிர் வீட்டு அம்மா ராத்திரி வந்து இங்கேயே படுத்துக்கிட்டாங்க. காலையில அவங்க பேரன் போனை எடுத்துட்டுப் போய் ஆடுதுறையில சார்ஜ் போட்டுக் கொண்டாந்தான். நீங்க சாப்டீங்களா?"

குரோம்பேட்டையில் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது எதிர் ஃபிளாட்டில் இருந்தவர் பெயரே எங்களுக்கு அதுவரை தெரியாது. கிராமத்துக்கு வந்து ஐந்தே மாதத்தில் அவளுக்காக ஒருத்தி பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து படுத்திருக்கிறாள். அவள் பரீட்சையில் பாஸ்.

இரண்டாவது பரீட்சை எனக்கு. 2023 பிப்ரவரியில் இங்கிலாந்தில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது பிரசவம். மனைவி மூன்று மாதம் லெஸ்டர் நகரத்துக்குப் போனாள். அங்கிருந்து ஒரு நாள் வீடியோவில் சொன்னாள். "இங்க வயசானவங்க எல்லாம் பெரிய வீட்டை வித்துட்டு பங்களாவுக்குப் போறாங்களாம்." எனக்கு ஒன்றும் புரியவில்லை. நம்மூரில் பங்களா என்றால் கேட், கூர்க்கா, அல்சேஷன் நாய். மகள் விளக்கினாள். அங்கே பங்களா என்றால் மாடியே இல்லாத சின்ன வீடாம். வங்காளத்துக் குடிசை வீட்டின் பாணியைப் பார்த்து வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போன பெயர். படிக்கட்டு ஏற வேண்டாம், பாத்ரூம் பக்கத்தில், சின்னத் தோட்டம். மகளின் பக்கத்து வீட்டுப் பாட்டி அப்படி ஒரு வீட்டில் எண்பத்தாறு வயதில் தனியாக இருக்கிறாராம். "அந்தப் பாட்டி சொல்றாங்க, வீட்டுக்காரர் இருக்கும்போதே இந்த வீட்டுக்கு வந்துட்டோம், அதனாலதான் இன்னைக்கு நான் ஒருத்தியா இருக்க முடியுதுன்னு" என்றாள் மனைவி. அவள் யாருக்குச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த மூன்று மாதத்தில் எனக்குப் பெரிய பாடம் வேறு. என்னுடைய கணக்கெல்லாம் நான் முதலில் போய்விடுவேன் என்பதுதான். ஆண்கள் எல்லோருக்குமே இந்தக் கணக்கு உண்டு, அதில் ஒரு ரகசிய நிம்மதியும் உண்டு. அந்தக் கணக்கு தப்பினால்? பிப்ரவரியில் முதல் வாரம் உப்புமா. இரண்டாவது வாரமும் உப்புமா. மூன்றாவது வாரம் கோயிலில் உற்சவம், தப்பித்தேன். அதைவிடக் கொடுமை பேச்சு. மனைவி இருந்தபோது காலையிலிருந்து யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். கீரைக்காரம்மா, எதிர் வீட்டு அம்மா, தையல் மிஷின் வைத்திருக்கும் பெண். "நமக்கு இந்த ஊரில் எவ்வளவு பழக்கம்" என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் போன மறுநாள் ஒருவரும் வரவில்லை. வருவார்களா? ஆண்பிள்ளை ஒருத்தன் தனியாக இருக்கிற வீட்டுக்குள் எந்தப் பெண் வருவாள்? அந்தப் பழக்கமெல்லாம் அவளுடையது. எனக்கு இருந்தது டீக்கடையில் காலை அரை மணி நேரம். அதற்கப்புறம் அவரவர் வயலுக்குப் போய்விடுவார்கள். மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் ஊரே அடங்கியிருக்கும். அந்த மூன்று மணி நேரம் கடியாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேராக இருந்தபோது அதே அமைதியைத்தான் "ஆஹா" என்று சொன்னேன்.

நான் ஃபெயில். ஆனால் அரியர் எழுதிப் பாஸ் செய்தேன். யூடியூப் பார்த்துச் சாம்பார் கற்றுக்கொண்டேன். இப்போது வத்தக்குழம்பு வரை வந்திருக்கிறேன். கிளை அஞ்சலகத்தில் காலை பத்து மணிக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். பாரம் நிரப்பத் தெரியாதவர்கள், பாஸ்புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பவர்கள், முதியோர் உதவித்தொகை வரவில்லை என்று வருபவர்கள். முப்பத்தேழு வருட வேலை பயன்பட்டது. இப்போது "போஸ்டாபீஸ் ஐயா" என்று ஒரு பெயர் எனக்கு இருக்கிறது. ஒரு நாள் நான் போகாவிட்டால் யாராவது வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள். மிஞ்சுகிறவருக்கு வேண்டியது இதுதான்: இன்றைக்குக் காணோமே என்று கேட்க ஒரு ஆள். அது இரண்டு பேருக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒருவருடைய பழக்கத்தில் இன்னொருவர் ஒட்டிக்கொண்டிருந்தால் போதாது.

இதற்குப் பிறகுதான், 2023 கடைசியில், குரோம்பேட்டை ஃபிளாட்டை விற்று இங்கே வீடு வாங்கினோம். ஐந்து சென்ட் மனை, 720 சதுர அடியில் தளம் போட்ட வீடு. ஓர் ஆசிரியர் கட்டியது. அவர் மகனோடு திருப்பூருக்குப் போகிறார். விலை 24 லட்சம். ஊஞ்சல் இல்லை, முற்றம் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் சொசைட்டி ஆபீஸ் மாதிரி இருக்கும். ஆனால் கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் பதினோரு அடி. வாசலில் இரண்டே படி, அதன் பக்கத்தில் சரிவு போட்டுக் கைப்பிடி வைத்தோம். பாத்ரூமில் வெஸ்டர்ன் டாய்லெட், சுவரில் இரண்டு கம்பிகள், வழுக்காத டைல்ஸ். கதவை மூன்றடி அகலமாக மாற்றினோம், என்றைக்காவது சக்கர நாற்காலி வந்தால் நுழைய வேண்டுமே. தலைமாட்டில் லைட் சுவிட்ச். இந்த வேலைகளுக்கு மூன்றரை லட்சம் ஆனது. வீடு ரோட்டை விட ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது, இன்னும் இரண்டு முறை ரோடு போட்டாலும் தாங்கும்.

செலவு விஷயத்தில் இரண்டு வார்த்தை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். எங்களுக்கு 2,16,000 ரூபாய் ஆனது. இதை மறந்துவிட்டுப் பலர் கணக்குப் போடுகிறார்கள். இன்னொன்று, பெரிய விலைக்கு விற்றுச் சின்ன விலைக்கு வாங்கும்போது மூலதன ஆதாய வரி முழுதும் தள்ளுபடி ஆகாது. புது வீட்டுக்குப் போட்ட தொகை வரைக்கும்தான் விலக்கு. மிச்ச லாபத்துக்கு வரி கட்ட வேண்டும், அல்லது ஆறு மாதத்துக்குள் அதற்கென்று உள்ள பத்திரங்களில் ஐந்து வருடத்துக்குப் போட வேண்டும். அதற்கும் 50 லட்சம் உச்சவரம்பு. ஃபிளாட்டை விற்பதற்கு முன்னாலேயே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள், விற்ற பிறகு பார்த்தால் அவர் உதட்டைத்தான் பிதுக்குவார்.

காகிதங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், வீட்டு வரி ரசீது. கிராம நத்தமாக இருந்தால் நத்தம் பட்டாவா என்று பாருங்கள். பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையை அடுத்த வருடத்துக்குத் தள்ளாதீர்கள். பத்திரம் பதிந்ததோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தவர்களின் மனைவிமார் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பதை நான் நேரில் பார்க்கிறேன்.

வீட்டை இருவர் பெயரிலும் பதிந்தோம். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் நான் போனால் என் பாதி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும், என் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. என் பிள்ளைகள் தங்கமானவர்கள்தான். ஆனால் அவள் இருக்கிற வீட்டில் அவளுக்கே பாதிக்கு மேல் கொஞ்சம்தான் சொந்தம் என்ற நிலை எதற்கு? ஆளுக்கு ஓர் உயில், ஒருவர் பங்கு மற்றவருக்கு. இரண்டு சாட்சிகள். ஒரு காலைப் பொழுதில் முடிந்தது. சிலர் அவசரப்பட்டுப் பிள்ளைகள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். பெற்றோரைப் பராமரிப்பதற்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதைத் திரும்பப் பெற வழி உண்டு. ஆனால் எழுபத்தைந்து வயதில் அந்த வழியில் நடப்பதைவிட எழுதாமலே இருப்பது சுலபம்.

வருமானத்தையும் மிஞ்சுகிறவர் கண்ணால் பாருங்கள். மத்திய அரசில் பழைய பென்ஷன் திட்டத்தில் இருந்த என் போன்றவர்களுக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன். குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். அதாவது எனக்கு 100 ரூபாய் என்றால் அவளுக்கு 60. நான் 67 வயதுக்கு முன்னால் போயிருந்தால் அந்த வயதுக் கணக்கு வரையிலாவது கூடுதல் விகிதம் கிடைத்திருக்கும். அதிலும் லேட். அந்த 60-க்குள் இந்த வீட்டை வைத்துக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. பெரிய வீடு என்றால் ஓடு மாற்றவே அது போதாது. இந்த வீட்டுக்கு முடியும், போட்டுப் பார்த்துவிட்டோம்.

இப்போது மறுதரப்பு. "ராத்திரி நெஞ்சு வலி வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்காத ஆளே இல்லை. நியாயமான கேள்விதான், மழுப்ப மாட்டேன். 108-ஐக் கூப்பிடலாம். கும்பகோணத்தில் அரசு தலைமை மருத்துவமனையும் தனியார் ஆஸ்பத்திரிகளும் உண்டு, எங்கள் ஊரிலிருந்து பதினாறு பதினேழு கிலோமீட்டர். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி என்றால் கிட்டத்தட்ட 55. சென்னையில் இருந்தால் பத்து நிமிடத்தில் போகலாமே என்பார்கள். எங்கள் மூன்றாவது மாடியிலிருந்து ஸ்ட்ரெச்சரை இறக்கவே பத்து நிமிடம் ஆகும் என்பது வேறு விஷயம். ஆனாலும் தூரம் தூரம்தான். உங்களில் யாருக்காவது ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்தால், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் வேண்டியிருந்தால், புற்றுநோய்க்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தால், கிராமம் வேண்டாம். தரைத்தளத்தில் ஒரு சின்ன வீட்டைப் பெரிய ஆஸ்பத்திரி உள்ள ஊரிலேயே பாருங்கள். எங்களுக்கு இருப்பது பிரஷரும் சர்க்கரையும்தான். அதற்கு "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் ஒரு பெண் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். உயிர்வாழ் சான்றிதழும் அப்படித்தான், தபால்காரர் வாசலிலேயே விரல் ரேகை வைத்து முடித்துவிடுகிறார்.

இன்னொரு சங்கடமான உண்மையையும் சொல்லிவிட வேண்டும். கிராமம் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கதவைத் திறப்பதில்லை. "நீங்க எந்தத் தெரு?" என்ற கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். வாடகைக்கு இருக்கும் ஒரு வருடத்தில் அந்த ஊர் உங்களை எப்படி வைத்துக்கொள்ளும் என்பதையும் பார்த்துவிடுங்கள். இரண்டு பேராக இருக்கும்போது அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஒருவராக இருக்கும்போது முடியாது.

"பிள்ளைகளோடு போய் இருக்க வேண்டியதுதானே" என்பவர்களுக்கு என்னிடம் வாதம் இல்லை. முடிந்தவர்கள் இருங்கள். எங்கள் மகளும் கூப்பிடுகிறாள். மனைவி லெஸ்டரில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்து சொன்னது ஒன்றுதான். "அங்க எல்லாம் இருக்கு. ஆனா நான் கதவைத் திறந்தா என்கிட்ட பேச ஒருத்தர் இல்ல."

நண்பருக்குப் போனில் நான் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று சொன்னேன். "சார், ஊஞ்சல் நல்லதுதான். அட்வான்ஸை ஒரு வருஷம் தள்ளிப்போடுங்க. அதே ஊர்ல வாடகைக்கு ஒரு வீடு எடுங்க. ஐப்பசியில வீட்டுக்காரம்மாவைப் பத்து நாள் தனியா விட்டுட்டு நீங்க சென்னைக்குப் போயிடுங்க. அப்புறம் அவங்க போகட்டும், நீங்க பத்து நாள் தனியா இருங்க. ரெண்டு பேருக்கும் அப்பவும் அந்த வீடு பிடிச்சிருந்தா நானே வந்து சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார், "எனக்குச் சமைக்கவே தெரியாதே சார்?"

"அப்ப அதுலேர்ந்து ஆரம்பிங்க" என்றேன்.